அடித்த கை

கோயமுத்தூர்
4-3-1936

அன்பு நண்பன் மாரப்பனுக்கு,

தம்பிதுரை எழுதுவது. இங்கு நலம். உன் நலமும் உன் தாயார் சின்னாத்தாள் நலமும் எழுது.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் காப்பிக்கடையில் விட்ட அறை இன்னும் என் உள்ளங்கையில் காந்துகிறது. மில் ஆபீசில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் உனக்குக் கொட்டாங்குச்சியில் காப்பி ஊற்றுகிறவனுக்கு வேறு என்ன பாஷை புரியும்? அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். நீயோ "வேண்டாமுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாய். நான் செய்தது தப்பா? ஒளிக்காமல் எழுது.

உன்
தம்பிதுரை

கிணத்துக்கடவு
12-3-1936

அன்பும் மரியாதையும் மிக்க தம்பிதுரைக்கு,

மாரப்பனின் வணக்கம். எனக்காக ஒருவர் கை ஓங்கியதை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ஆனால் அடித்தது நான் என்று கடைக்காரர் பிராது கொடுத்துவிட்டார். அன்று நீங்கள் ஊரிலேயே இல்லை என்று உங்கள் அப்பா அங்கப்பக் கவுண்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். இருபதாம் தேதி பொள்ளாச்சிக் கோர்ட்டில் விசாரணை. உங்கள் அப்பா தோட்டத்துக்குக் கூப்பிட்டு, "எம்பட பையன் பேரு கெடக்கூடாது மாரப்பா. நீ மூணு மாசம் உள்ள இருந்துபோட்டு வா, உன்ர ஊட்டுக்குச் சோளம் அனுப்பறேன்" என்றார்.

தப்பா என்று கேட்டீர்கள். அடித்தவர் மேலேயே அது திரும்பி விழுமானால் நியாயம் என்பேன். ஓங்கியது உங்கள் கை; விழுந்தது எங்கள் தெருவில். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

மாரப்பன்

கிணத்துக்கடவு
27-3-1936

சிறையிலிருக்கும் என் தம்பிதுரைக்கு,

கோர்ட்டில் யாரும் கூப்பிடாமலே எழுந்து, "அடிச்சது நானுங்க" என்றீர்களே! வருத்தப்படுகிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்கு, "அடிச்சதுக்கு இல்லீங்க. அது இவரு தலைல விழுந்ததுக்குத்தானுங்க" என்றீர்கள். உங்கள் அப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். எனக்கு விடுதலை, உங்களுக்கு மூன்று மாதம். கூண்டில் நின்றபடியே அழுதுவிட்டேன். அடிப்பதற்கு ஒரு நிமிஷக் கோபம் போதும். இதற்கு என்ன வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து மலைக்கிறேன்.

நேற்று உங்கள் அம்மா தெய்வாத்தாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தாயார் பதறி எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். அவராகவே பாயில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"எம் பையன் ஒழுங்காச் சோறு உண்கறானான்னு கேட்டு ஒரு காயிதம் எழுதுங்க வாத்தியாரே" என்றார். "நான் இங்க தண்ணி குடிச்சதையும் எழுதுங்க. அவங்கப்பனுக்கு நாஞ் சொல்லிக்கறேன்."

எழுதிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

மாரப்பன்