நந்தவனத்துல செம்பி

என்னங்க,

மட்டக்குதிரைங்க செம்பிக்கும் வெள்ளைக்கும் கொள்ளு அவிச்சு வச்சிருக்கேன், ஆறின பிறகு போடுங்க. உங்களுக்கு மோர்க்குழம்பு இருக்கு.

நேத்து செம்பி நந்தவனத்துல புகுந்து துளசியை மேஞ்சதுக்கு, நீங்க சரியா கட்டலைன்னு கத்தினேனே, அவுத்து விட்டதே நான்தாங்க. ஸ்ரீரங்கத்தைச் சுத்தி ஆறுதானே, எங்க போயிடும்னு விட்டுட்டு, கொள்ளிடத்துல நீர்நாய் குட்டிகளோட மீன் பிடிக்கிறதைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன். நந்தவனக்காரர்கிட்ட நீங்க கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டப்பகூட வாயைத் தொறக்கலை.

ஜீயபுரத்துல துளசி நாத்து வாங்கிக்கிட்டுப் போய், அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு வரேன்.

ஆனந்தவள்ளி

இடமில்லாம ஓரத்துல எழுதுறேன்: காலையில பாத்தேன், செம்பி கயித்துல ரெண்டு முடிச்சு போட்டிருக்கீங்க. நான் சொன்ன பொய்யை அப்படியே நம்பிட்டீங்களே.