எர்வின் எண்ணிய ஏரிகள்

அன்பு மகள் ஆன்கேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் கோழிகளும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்கான காரணம் கீழே வருகிறது. அந்த நியூசிலாந்தில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். எங்களுக்குக் கோடை தொடங்கும்போது உனக்குக் குளிர் தொடங்குகிறது என்பதை யோசித்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. நான் அனுப்பிய கம்பளிக் காலுறையைக் காலில் போட்டுக்கொள், அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே. தேவாலயக் கூரை நாரைக் கூட்டில் இந்த வருஷம் மூன்று குஞ்சுகள். ரொட்டிக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை பெர்லின் பையன், நீச்சல் தெரியாதாம், இத்தனை ஏரிகளுக்கு நடுவே அவன் எப்படிக் காலம் தள்ளப் போகிறானோ.

போன வியாழன் இயேசுவின் விண்ணேற்புத் திருநாள். நம் மெக்லன்பர்க் ஆண்பிள்ளைகளுக்கு அது எந்தத் திருநாள் என்று உனக்குத் தெரியும். சைக்கிள் கைப்பிடியில் பிர்ச் மரக்கிளையைக் கட்டி, பின்னால் இழுவண்டியில் பீர்ப் பெட்டியை ஏற்றி, பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தந்தையர் தினம் கொண்டாடக் கிளம்பிவிடுவார்கள். நம் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் என்றும் அதே மூவர்தான். உன் அப்பா, மீனைப் புகைபோட்டு விற்கும் போடோ, எதிர்வீட்டு எர்வின். மற்ற ஆண்கள் குடிக்கப் போவார்கள், இவர்கள் சரித்திரச் சுற்றுலா போவார்கள். ஏரிக்கரையோடு மிதித்து, கல் தேவாலயத்தைப் பார்த்து, ஜமீன் மாளிகையைப் பார்த்து, கடைசியில் கார்கலோ கோட்டைக் கோபுரத்தில் ஏறி நின்றுவிட்டுத்தான் திரும்புவார்களாம். சாயங்காலம் மூக்கு சிவக்க வந்து உட்கார்ந்து அவர்கள் அளந்த அளப்பு உனக்கும் ஞாபகம் இருக்கும். எர்வினின் மனைவி இல்சே ஒவ்வொரு வருஷமும் உருளைக்கிழங்கு சாலட்டைப் பரிமாறிக்கொண்டே, "மேலேர்ந்து எத்தனை ஏரிங்க தெரிஞ்சுது?" என்று முகத்தை வெகு சாதுவாக வைத்துக்கொண்டு கேட்பாள். எர்வினும் வருஷத்துக்கு ஒரு ஏரியைக் கூட்டிச் சொல்வார். இல்சே நம்மோடு இருந்த கடைசி மே மாதம் அது பதினொன்றில் வந்து நின்றது.

இந்த வருஷம் திருநாளுக்கு முந்தின வாரம் எர்வின் நம் சமையலறைக்கு வந்தார். அவர் கண் விஷயம் உனக்கு எழுதியிருந்தேன். நடுப்பார்வை கலங்கிப்போய்விட்டது, எதிரே இருப்பவர் முகம் தெரியாது, தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் தெரியும். குளிர்காலத்துக்குள் அதுவும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தனியாகச் சைக்கிள் ஓட்டக்கூடாது என்றும் கட்டளை. காபியைக் குடிக்காமல் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "கெர்லிண்டே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், உன் ஊவேகிட்ட போட்டுக்குடுத்துடாத. நாங்க அந்தக் கோபுரத்துக்கு ஒரு தடவகூடப் போனதில்ல" என்றார். முதல் வளைவு தாண்டினதும் போடோவின் படகுக் கொட்டகை, அங்கே போய்ச் சாய்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்களாம். "அவளும் வருஷா வருஷம் கேட்டா, நானும் புளுகிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுக்கூட, இந்த வருஷம் எத்தனைன்னு கேட்டா. கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவ நெஜமாவே ஏறிப் பாத்துடணும்" என்றார். வாடகைக்கு விடும் கடையில் இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள் இருக்கிறது, முன்னால் நான் உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்று கேட்டார். உன் அப்பாவை ஏன் கேட்கவில்லை என்றேன். "அவன நம்பி ஏறினா ஏரிக்குள்ளதான் போவோம்" என்றார்.

நான் கையை வாயில் வைத்து அடேயப்பா என்று ஆச்சரியப்பட்டேன். நன்றாகவே நடித்தேன் என்று நினைக்கிறேன். ஏனென்றால், மகளே, எங்களுக்கு எல்லாம் தெரியும். முதல் வருஷமே போடோ கடுகுச் சாந்துப் புட்டியை மறந்துவிட்டுப் போனார் என்று நாங்கள் மூன்று பெண்டாட்டிகளும் அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கோபுரம் வரைக்கும் போனோம். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. திரும்பி வரும்போது படகுக் கொட்டகையிலிருந்து மூன்று விதமான குறட்டை கேட்டது. எழுப்பிச் சண்டை போடலாம் என்றேன் நான். இல்சேதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்டி, எழுப்பினா இன்னிக்கி ஒரு நாள் சண்ட. விட்டா வருஷா வருஷம் நமக்கும் ஒரு நாள் கெடைக்கும்" என்றாள். அன்றிலிருந்து, இல்சே இருந்தவரைக்கும், அவர்கள் போனதாகச் சொன்ன சுற்றுலாவை நாங்கள்தான் போய் வந்தோம். அந்த நாளில் உன்னைப் பெரியம்மா வீட்டில் கொண்டு விடுவேனே, அதற்குக் காரணம் இதுதான். ஆண்களிடம் மூச்சுவிடக்கூடாது என்பது இல்சே எங்களிடம் வாங்கிய சத்தியம். அதனால்தான் சமையலறையில் எர்வின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை நான் கால்சட்டையும் தலைக்கவசமுமாக இரட்டைச் சைக்கிளோடு வந்து நின்றதும் போடோ, "இது ஆம்பளைங்க நாளு, தெரியுமில்ல?" என்றார். தெரியும், நான் ஆளில்லை, சுக்கான் என்று சொல்லிவிட்டு ஏறினேன். பின்னால் தன் கைப்பிடியிலும் பிர்ச் கிளை கட்டச் சொன்னார் எர்வின், அது வழியெல்லாம் என் காதைக் குத்தியது. படகுக் கொட்டகை வந்ததும் முன்னால் போன இரண்டு சைக்கிளும் பழக்க தோஷத்தில் தானாகவே திரும்பின. நான் திரும்பவில்லை. பின்னாலிருந்து உன் அப்பா, "அடியே, எங்க போற? பாதை இந்தப் பக்கம்" என்று கத்தினார். கோபுரத்துக்குத்தானே போகிறோம் என்றேன். வேறு வழியில்லாமல் பீர்ப் பெட்டி கடகடக்க வந்து சேர்ந்தார்கள். அந்தப் பழைய கருங்கல் பாவிய சாலை உனக்குத் தெரியுமே, பல் ஆடிவிடும். மஞ்சள் பூத்த வயலெல்லாம் தாண்டி, கல் தேவாலயத்து மதிலோரம் கொஞ்சம் தண்ணீர் குடித்து, ஜமீன் மாளிகை மேட்டில் இறங்கித் தள்ளினோம். உன் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வருஷா வருஷம் இந்த மேடு இவ்வளவு உயரம் இருக்காதே என்றார். எனக்குச் சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எர்வின், இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் அவ்வப்போது கேட்டார்.

கோபுரத்துக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. போடோ பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, "எப்பவும் தொறந்துல்ல கெடக்கும்" என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னார். உன் அப்பாவும் ஆமாம் ஆமாம் என்றார். எர்வின் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "சரி விடுங்க, எனக்குக் குடுத்து வெக்கல" என்று அவர் சொன்ன குரலைக் கேட்டதும், நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே சைக்கிளைச் சாய்த்துவிட்டு எதிரே பச்சை வாசல் வீட்டு மணியை அடித்தேன். நம் பக்கத்தில் எந்தக் கோபுரத்துக்கும் தேவாலயத்துக்கும் சாவி எதிர்வீட்டில்தானே தொங்கும், அதுவும் இந்தக் கோபுரத்துச் சாவி திருமதி டால்மன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது என்பது ஒரு தடவையாவது வந்தவர்களுக்குத் தெரியும். மூன்று ஆண்களும் என்னையே பார்த்தார்கள். உன் அப்பா மெதுவாக, "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் திருமதி டால்மன் வெளியே வந்து, "அட, வந்துட்டீங்களா! எப்பவும் கொண்டு வர்ற ருபார்ப் கேக்கு எங்க, காணோம்?" என்றாள். அதோடு விட்டாளா? "அந்த இன்னொரு அம்மா வரலியா, மேல போய் நின்னுக்கிட்டு, இப்ப எம் புருஷன் குறட்ட விட்டுக்கிட்டு இருப்பாருன்னு விழுந்து விழுந்து சிரிப்பாங்களே, இல்சே, அவங்க?" என்றும் கேட்டுவிட்டாள்.

இல்சே வாங்கிய சத்தியம் அங்கேயே காற்றில் போய்விட்டது. உன் அப்பாவுக்குக் காது வரை சிவந்தது. எர்வின் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. பாவி, சொல்லாமல் இருந்தோமே, இப்படியா அவருக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணீரும் வருகிறது, சிரிப்பும் நிற்கவில்லை. "கள்ளி! பதினொண்ணுன்னு சொன்னப்ப, அப்படியா, போன வருஷம் பத்துதானேன்னு கேட்டாளே!" என்றார். நான்தான் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போனேன். படிகள் குறுகல், இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம். மேலே ஜன்னலில் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிறகு மறுபக்கம் சாய்த்து, சேவல் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். நான் எண்ணிச் சொல்லட்டுமா என்றேன். "நீ சும்மா இரு" என்றார். பளபளவென்று ஓரத்தில் தெரிந்ததையெல்லாம் விரல்விட்டு எண்ணினார். பிறகு தலையை வெளியே நீட்டி, நம் ஊர்க் கல்லறை இருக்கிற திசை பார்த்து, கீழே பீர் திறந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கும்படி, "இல்சே! நாலுதான்!" என்று கத்தினார். நானும் எண்ணிப் பார்த்தேன். நாலுதான்.

வரும் வருஷத்திலிருந்து பெண்களும் ஒரே கூட்டமாகப் போவது என்று முடிவாகிவிட்டது. இரட்டைச் சைக்கிளை எர்வின் இப்போதே சொல்லி வைத்துவிட்டார். அப்போது பார்வை இருக்காதே என்று உன் அப்பா தயங்கியதற்கு, "அதான் எண்ணியாச்சே, இனிமே மிதிச்சா போதும்" என்றார். நீயும் அடுத்த மே மாதத்தில் விடுமுறை வாங்கிக்கொண்டு வா மகளே, கேக் நான் சுடுகிறேன். தலைக்கவசம் இல்லாமல் சைக்கிளில் ஏறாதே, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, எர்வினுக்கு ஒரு ஃபோன் போட்டுப் பேசு, முகம் தெரியாவிட்டாலும் உன் குரல் தெரியும் அவருக்கு. ஆண்டவர் உன் கூடவே இருந்து, போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல காற்று கொடுக்கட்டும்.

முழங்காலில் முட்டைக்கோஸ் இலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன் அப்பாவின் முத்தங்களோடும், என் முத்தங்களோடும்,

உன் அம்மா
கெர்லிண்டே

இதை உறையில் போடப் போகும்போது தபால்காரர் வந்தார். உன் அப்பா வாசலில் நின்று அவரிடம் கோபுரக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அஞ்சு ஏரியாம்.