ஆடுகிற கிண்ணம்

ஜூன் 2, திங்கள்

ஏ ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் படப்பை வந்து சேர்ந்தேன். இன்னும் நம்ப முடியவில்லை. கொரியாவில் இரண்டு வாரப் பயிற்சிக்கு நான் போகிறேனாம். டாஷ்போர்டு பாகங்களைச் சோதிக்கிற புது கேமரா மெஷினைக் கற்றுக்கொண்டு வர வேண்டும்.

போயிருக்க வேண்டியவள் கமலினி. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வயிற்றில் பிள்ளை; டாக்டர் விமானமே கூடாது என்றுவிட்டார். என் பெயரைக் கொடுத்தது அவள்தான். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். வெள்ளை கிளவுஸ், விரல் நுனி, பிசிறு தட்டினால் யோசிக்காமல் ரிஜெக்ட் போடும் சிவப்புப் பெட்டி.

"இன்னாடி, மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? நல்லா போய்ட்டு வா. எனக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துகினு வா ஜாஸு. அந்த ஊர்ல, அந்த ஊர் ஆளு கையால செஞ்சது. நம்ம பஜார்ல கிடைக்கிறது வேணாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாத்ரூம் போய் வந்தபோது கண் சிவந்திருந்தது.

ஜூன் 5, வியாழன்

கேன்டீனில் எங்கள் லைன் சசிகலா என் காதில் விழும்படியே சொன்னாள்: "ஒருத்தி வவுத்துல புள்ள வந்தா இன்னொருத்திக்கு ஃப்ளைட் வருது." பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். கமலினிக்கும் அப்படித்தான் தோன்றுமோ?

ஜூன் 14, சனி

வந்து சேர்ந்தோம். கடலோரத் தொழிற்சாலை ஊர். எங்கு பார்த்தாலும் கன்டெய்னர் லாரி. நம் ஒரகடம் ரோடேதான், தூசி மட்டும் இல்லை. உடன் வந்த ரகுநந்தன் சார் கொரிய மொழி பேசுவார், நல்லவேளை. என் வீட்டுக்காரர் நிலவனிடம் வீடியோவில் பேசினேன். "ரசம் வெக்கத் தெரியும், நீ கவலப்படாத" என்றார். அவர் ரசத்தை நினைத்தால்தான் கவலை.

ஜூன் 21, சனி

கிண்ணம் வாங்கிவிட்டேன்!

தனியாகச் சந்தைக்குப் போனேன். மீன், கீரை, ஊறுகாய் எல்லாம் தாண்டி ஒரு மண்பாண்டக் கடை. கடைக்கார அம்மா பழுப்பு நிறக் கிண்ணம் ஒன்றை என் கையில் வைத்து ஏதேதோ சொன்னார். விரலால் தடவினேன். விளிம்பு ஒரு பக்கம் தடிப்பு. ஓரத்தில் கட்டைவிரல் அமுங்கின பள்ளம். பலகைமேல் வைத்தால் ஆடுகிறது. அதே மாதிரி இன்னும் சில எடுத்துத் தந்தார், அதுவும் ஆடுகிறது. வெளியூர்க்காரி என்றதும் சொத்தையைத் தலையில் கட்டப் பார்க்கிறாரே! எங்கிட்டயா?

எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பின் வரிசையில் இருந்து நானே ஒன்று எடுத்தேன். ஒரு பிசிறு இல்லை. துளி ஆட்டம் இல்லை. அந்த அம்மா உதட்டைப் பிதுக்கி, தாளில் சுற்றிக் கொடுத்தார். நல்ல பொருளை விட மனசில்லை போலிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

விலைச் சீட்டை எடுக்க வெந்நீரில் ஊறவைத்தேன். அதன் அடியில் இன்னொரு சீட்டு. மேட் இன் சைனா.

அய்யோ. இதுக்கா அவ்ளோ தடவிப் பாத்தே? வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புற மூஞ்சி! கமலினி கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதக்கூட ஒழுங்கா வாங்கத் துப்பில்ல. அவ சீட்டுல வந்து உக்காந்துகினு—

சனிக்கிழமை வரை லீவு கிடையாது. ஞாயிறு காலை விமானம்.

ஜூன் 28, சனி

ரகுநந்தன் சார் தன் தூக்கத்தை விட்டுவிட்டு என்னுடன் சந்தைக்கு வந்தார். அவருக்குக் கோடி புண்ணியம். கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததுமே சிரித்து, பலகைமேல் கிண்ணத்தை வைத்து ஆட்டுவதுபோல நடித்துக் காட்டினார்.

இருவரும் பேசினார்கள். சார் என் பக்கம் திரும்பி, "ஜாஸ்மின், நீங்க பாஸ் பண்ணது கன்டெய்னர்ல வந்தது. ரிஜெக்ட் பண்ணீங்களே, அதெல்லாம் இவங்க வீட்டுக்காரர் பின்னாடி ஷெட்ல செய்யறது" என்றார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு!

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். கையால் செய்தது வேண்டும் என்று வந்து, கை பட்ட இடத்தையெல்லாம் குறை என்று தள்ளியிருக்கிறேன்.

முதல் நாள் என் கையில் வைத்தாரே, அதே கிண்ணம் இன்னும் இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா என் கட்டைவிரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். சரியாகப் பொருந்தியது. ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

வீடு. கமலினி லீவில் ஸ்ரீபெரும்புதூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஞாயிறு வளைகாப்பு. நேற்றே நிலவனிடம் கிண்ணத்தைக் கொடுத்தனுப்பினேன். நேரில் கொடுக்கத் தைரியம் வரவில்லை. ஆடுகிற கிண்ணத்தைப் பார்த்து என்ன நினைப்பாள்? போன் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்றும் வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்றுதான் போனேன். மணையில் கமலினி, இரண்டு கையிலும் வளையல். எதிரே மஞ்சள், குங்குமம், பன்னீர்ச் செம்பு. நடுவில் சந்தனம் குழைத்து வைத்திருந்தது என் கிண்ணத்தில்!

ஒவ்வொருவரும் விரல் வைக்க வைக்க அது ஆடியது. சசிகலா குனிந்து பார்த்தாள். "இன்னாக்கா, கோணலா கீது? செக் பண்ணாம வாங்கினு வந்துட்டா போல."

"நான் செக் பண்ணிட்டேன் சசி. ஆறு நாளா கைய விட்டு எறக்கல" என்றாள் கமலினி. "ஆளு கை பட்ட எடம் கீது பாரு, அங்க. பாஸ்."

பிறகு என்னைத் தேடிப் பார்த்தாள். "ஏய் ஜாஸு, அங்க இன்னா பண்ற? அப்போலேந்து ஒனக்காவ ஒரு கைல ஒரு வளையல் கொறச்சு வெச்சுகினு கீறேன். வந்து போடு."

போட்டேன். தன் கட்டைவிரலால் அந்தப் பள்ளத்திலிருந்து சந்தனம் எடுத்து என் இரண்டு கன்னத்திலும் பூசினாள். ஆண்டவரே, நன்றி. இந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் கொடும்.

அந்த இன்னொரு கிண்ணத்தில் வீட்டில் உப்பு போட்டு வைத்திருக்கிறேன். அதன்மேல் கோபமில்லை. அதையும் எங்கோ ஒருத்தி கிளவுஸ் போட்டுத் தடவிப் பார்த்து அனுப்பியிருப்பாள்.

நாளை ஏ ஷிப்ட். முகம் இன்னும் கழுவவில்லை.