கேட்டிலிருந்து ஸ்டாண்டு வரைக்கும் ஒரு தொப்பி

11-11-91, திங்கள்

காலையிலிருந்தே தூறல். ஒரகடம் ரோடெல்லாம் சேறு. சைக்கிள் செயின் இரண்டு தடவை கழன்றது.

கம்பெனி கேட்டில் நோட்டீஸ். புதன்கிழமையிலிருந்து சைக்கிளில் வருபவர்கள் ஹெல்மெட் இல்லாமல் நுழையக்கூடாது. இல்லாதவர்களுக்கு வாட்ச்மேன் ரூமில் மஞ்சள் தொப்பி, கட்டட வேலைக்காரர் போடுவது. மாட்டிக்கொண்டு ஸ்டாண்டு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிப் போய், திருப்பித் தந்துவிட வேண்டும். கூப்பிடு தூரம்கூட இல்லை.

எல்லாம் எங்கள் அசெம்பிளி லைன் அமுலு அடிபட்ட பிறகு வந்த ஞானம். கம்பெனிக்குச் சரக்கு கொண்டுவந்து ரோட்டில் நின்ற லாரி. பின்னால் விளக்கில்லை. சாயங்கால இருட்டில் போய் மோதினாள். ஒடிந்தது கால். தொப்பி தலைக்கு. தூ.

13-11-91, புதன்

கேண்டீனில் அதே பேச்சு. புளிசாதம், உப்பில்லை.

யூனியன் செயலாளர்: "சேஃப்டி நம்ம உரிமை, தோழர்களே!" ஐயா வருவது கம்பெனி பஸ்ஸில்.

பேக்கிங் வசந்தா: "பூ வெச்சிக்கினு அத்த எப்டிடி மாட்றது?"

லாரியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானே எழுந்து கேட்டேன். சூப்பர்வைசர்: "ரோட்ல நிக்கிறதுக்கு நாம இன்னாம்மா பண்றது? கேட்டுக்குள்ளதான் நம்ம பொறுப்பு."

தலைக்கு ஒன்றும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சித்தப்பா மண்டையில் அடிபட்டுத்தான் போனார். வழியெல்லாம் போடுகிற மாதிரி நல்லதாகக் கொடுங்கள், போடுகிறேன். இது யார் கண்ணில் மண்ணைத் தூவ?

இன்று மாட்டிப் பார்த்தேன். உள்ளே யார் யாரோ தலை எண்ணெய், வியர்வை, பீடி நாற்றம். இரண்டு தடவை தலைக்குக் குளித்தும் போகவில்லை. நாளையிலிருந்து சைக்கிளை எதிர் டீக்கடையில் விட்டுவிட்டு நடந்தே உள்ளே போவேன். அந்தக் கருமத்தை இனித் தொடுவதில்லை.

15-11-91, வெள்ளி

டீக்கடைக்குப் பின்னால் இன்று பாதி லைன் சைக்கிள். எல்லாம் என்னைப் பார்த்துத்தான். கொஞ்சம் பெருமை.

வேலை விட்டு அமுலு வீடு, படப்பைப் பக்கம். கட்டுப் பிரித்தாச்சு. முட்டி மடங்கவில்லை. டிரெயினிதானே, திங்கட்கிழமை வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்களாம். லைனில் எப்படி நிற்பாள்?

"வூட்ல என் சம்பளந்தான்க்கா. நொண்டிக்கினாவது வந்துடுவேன்."

முட்டை வாங்க மறந்தேன்.

18-11-91, திங்கள்

வெயில். டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தேன்.

கேட்டில் ஸ்டூல். ஸ்டூலில் அமுலு, ஒரு காலை நீட்டிக்கொண்டு. மடியில் தொப்பி, கையில் துணி. லைனில் நிற்க முடியாதவளுக்குச் சூப்பர்வைசரின் கருணை: தொப்பி கொடுப்பது, வாங்குவது, துடைத்து மாட்டுவது. தொப்பி வாங்க ஆள் வருகிற வரைக்கும்தான் இந்த வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். கால் ஒடிந்தவளை அந்த நாற்றத்துக்கே காவல் வைத்திருக்கிறார்கள். இவர்களெல்லாம் சோறுதான் தின்கிறார்களா?

வெளியே ரோட்டோரம் வரிசையாக லாரி. ஒன்றில்கூடப் பின்விளக்கு இல்லை. பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

"இன்னாக்கா, சைக்கிள் எங்க?"

டீக்கடையைக் காட்டினேன். அவள் முகம் விழுந்துவிட்டது. வாட்ச்மேன் காதில் விழாமல் சொன்னாள்: "எல்லாரும் அங்கியே வுட்டுட்டு வர்றாங்கக்கா. காலைலருந்து தொப்பி வாங்க ஆளே இல்ல. சூப்பர்வைசர் ரெண்டு தபா வந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

திரும்பிப் போய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். இருந்ததில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, தாவணியால் உள்ளே இன்னொரு தடவை துடைத்துக் கொடுத்தாள்.

போட்டுக்கொண்டேன்.