நான் ருசி பார்க்காத கருவாடு

சீயக்காய் போட்டுத் தேய்த்தாயிற்று. எலுமிச்சை மூடியால் தேய்த்தாயிற்று. கடைசியில் இவருடைய ஷேவிங் லோஷனைக்கூட ஊற்றிப் பார்த்துவிட்டேன். விரலிடுக்கில் கருவாட்டு வாடை போகமாட்டேன் என்கிறது. காலையில் அடையாறு கான்சர் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கஞ்சி கொண்டுபோய்விட்டு வந்தவள் இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. சாயங்காலம் கீழே கார் நிறுத்துமிடத்தில் குடியிருப்போர் கூட்டம். பேசப்போவது என்னைப் பற்றித்தான். சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக என் சமையலறையிலிருந்து கிளம்பி லிஃப்ட் வரைக்கும் போகிற நாற்றத்தைப் பற்றி. மயிலாப்பூரில், அதுவும் எங்கள் கட்டடத்தில், கருவாடு!

உன்னோடு நன்றாகச் சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. நீ இருந்தால் போன் பண்ணிக் கத்தியிருப்பேன். இல்லாமல் போய்விட்டாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நந்தனத்து ஆபீசில் நமக்கு எதிரெதிர் மேஜை. முதல் நாள் மதியம் நீ டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு எழுந்தாய். "எங்கேடி போறே?" என்றேன். "இன்னிக்கு மீன், மாமி. உனக்கு ஆகாது" என்றாய். "நேக்கு ஆகாட்டா நான் மூக்கைப் பிடிச்சுண்டு தயிர்சாதம் சாப்பிடறேன். நீ உக்காரு." என் வயதேதான் உனக்கும். ஆனாலும் வம்புக்காக, கடைசி வரைக்கும் மாமிதான். இருபது வருஷம் அப்படியே சாப்பிட்டோம்.

பிறகு ஒருநாள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டாய். உன் அம்மாவை அந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, நோயாளிகளோடு வந்த வெளியூர்க்காரர்கள் வாசலில் பன்னும் டீயுமாகவே நாளை ஓட்டுவதைப் பார்த்தாயாம். சனிக்கிழமைதோறும் அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கப்போகிறாயாம். "நோக்கு பைத்தியம் பிடிச்சுடுத்தா? பென்ஷன் குறைஞ்சுடுமேடி" என்று குதித்தேன். நீ சிரித்தாய். "மத்த நாளெல்லாம் யாருக்கோ வேலை பாத்த மாதிரி இருக்கு மாமி. அந்த ஒரு நாள்தான் எனக்குன்னு இருக்கு" என்றாய். எனக்கு வயிறெரிந்தது. உண்மையாகவே எரிந்தது. எனக்கு அப்படி ஒரு நாள் கிடையாது, இருக்க வேண்டும் என்றுகூட அதுவரை தோன்றியதில்லை.

நீ போய், சாந்தோமில் உன் வீட்டில் ஏழாம் நாள் ஜெபம் முடிந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். உன் தம்பி, "அக்காவோட கஞ்சிக் குண்டானை என்ன பண்றதுன்னே தெரியல" என்றான். "நான் எடுத்துண்டு போறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. நீ என்னிடம் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அத்தனை நாளும் ஒரு வார்த்தை, "எனக்கப்புறம் நீ பாத்துக்கோ" என்று சொல்லவில்லை. நானாகப் போய் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டவள் அதை என் மாதிரி செய்தேனா? இல்லை. உன் மாதிரி செய்யப் பார்த்தேன். என்னைத் தெரியுமே உனக்கு. ஆட்டோக்காரரோடு சண்டை, வாழைப்பழக்காரரோடு சண்டை, போன் கம்பெனிக்காரனோடு சண்டை. நீயோ கஞ்சியை ஊற்றிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் "சாப்பிடு கண்ணு" என்பாய். நானும் கண்ணாடி முன்னால் நின்று "சாப்பிடு கண்ணு, சாப்பிடு கண்ணு" என்று சொல்லிப் பழகினேன். இவர் எட்டிப் பார்த்து, "யாரோட பேசிண்டிருக்கே?" என்று கேட்டார். அப்புறம் அந்தக் கருவாடு. நீ கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தது வறுத்த நெத்திலி. அதற்காகவே முன்கூட்டி வந்து நிற்பார்கள். அது இல்லாவிட்டால் அது உன் கஞ்சியா? முட்டை ஓடுகூட நுழையாத சமையலறையில், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வறுத்தேன். வாராவாரம் இவர் அந்நேரத்துக்கு வாக்கிங் என்று கிளம்பிவிடுவார்.

பட்டினப்பாக்கத்தில் கருவாடு விற்கிற செல்விக்கு நான் போனாலே சிரிப்பு. "இன்னா மாமி, வாராவாரம் கருவாடு வாங்கிக்கினு போற? வூட்ல யாரு துன்றாங்கோ?"

"நாங்க யாரும் திங்கறதில்லை. ஆஸ்பத்திரி வாசல்ல குடுக்கறதுக்கு."

"ஐயே! வாயில வெக்க மாட்டே, ஆனா வறுப்பே? நல்லா கீதா இல்லியான்னு எப்டி பாப்பே?"

"பார்த்தா தெரியாதா?" என்றேன். பெரிய இவள் மாதிரி.

இன்று காலை தெரிந்தது. வரிசையில் தனம் என்று ஒருத்தி. புருஷனுக்கு மறுபடியும் முடியாமல் கூட்டி வந்திருக்கிறாள், முன்பு உன் கையால் வாங்கிச் சாப்பிட்டவள். நெத்திலியை வாயில் போட்டவள் அப்படியே நின்றாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? வெறும் உப்பும்மா. மண்ணு வேற நறநறங்குது. சுடுதண்ணில போட்டு அலசலியா?"

"அலசணுமா?" என்று கேட்டேன்.

வரிசையில் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குக் காது இரண்டும் சுட்டது. "இத்தனை நாளா ஏன் யாருமே சொல்லலை?" என்று பொதுவாகக் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. வாசலில் நிற்கும் வாட்ச்மேன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எப்டிம்மா சொல்றது? அந்தம்மா போன துக்கத்துல நீ கஷ்டப்பட்டு செஞ்சு எத்துக்கினு வர. உன் மனசு நோவக் கூடாதுன்னு துன்னுட்டு தண்ணி குடிச்சிக்குவோம்."

கேட்டாயா? அவர்களுக்கு நான் சாப்பாடு போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே ஒரு உயிரைப் படுக்கவைத்துவிட்டு வந்து நிற்கிறவர்கள்!

நீ வறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அலசுவதைப் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலையில் உன் வீட்டுக்கு வந்தால், "மாமி, நீ கூடத்துல உக்காரு, உனக்கு ஒத்துக்காது" என்று சமையலறைக் கதவைச் சாத்திவிடுவாய். எல்லாம் முடிந்து வாணலியில் போட்ட பிறகுதான் திறப்பாய். என் மேல் இருந்த கரிசனம். அந்தக் கரிசனத்தால்தான் இத்தனை பேர் உப்பை விழுங்கினார்கள். யாரைத் திட்டுவது, சொல்லு?

இப்போது சாயங்காலம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கருவாட்டை நிறுத்திவிட்டேன் என்று சொன்னால், மிரட்டி நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் குதூகலிப்பார்கள். அது எனக்குப் பொறுக்காது. அதற்காகவே தொடர்ந்தால் தனத்தின் கண்ணீரை வாராவாரம் பார்க்க வேண்டும். செல்வியிடம் கேட்டு அலசக் கற்றுக்கொள்ளலாம்தான். கற்றுக்கொண்டாலும் வாயில் வைத்துப் பார்க்க எனக்கு வராது. நான் ருசி பார்க்காததை இன்னொருத்தர் தட்டில் போட இனி கை வராது. பேசாமல் மொத்தத்தையும் மூட்டை கட்டிவிடலாமா என்றும் இருக்கிறது. உன் காரியம், உன்னோடு போகட்டும். குண்டானை உன் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்துத் தூங்கலாம். நினைத்தவுடன் அந்த வரிசைதான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

இவர் சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். உன் சிரிப்பை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். செக்ரட்டரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "மாமி, தப்பா எடுத்துக்காதேள். நம்ம பில்டிங்ல எல்லாரும் ஒரு மாதிரி இருக்கறவா. வாடை தாங்க முடியலைன்னு சொல்றா. யாரோ ஒருத்தி ஆரம்பிச்சு வெச்சதை நீங்க ஏன் தலையில தூக்கிண்டு அலையறேள்?"

யாரோ ஒருத்தி. அந்த வார்த்தையில் உன் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியாது.

"யாரோ ஒருத்தியா? என் சிநேகிதி சார் அவ. என் எதிர்ல உக்காந்து இருபது வருஷம் சாப்பிட்டவ. அவ டப்பா வாடை என்னை ஒண்ணும் பண்ணலை, உங்களை என்ன பண்ணிடுத்து?" கத்தினேன். தெருவில் போகிறவர் நின்று பார்க்கிற மாதிரி கத்தினேன். இவர் என் முழங்கையைத் தொட்டார், தட்டிவிட்டேன். பிறகு, கத்துவது என்னவோ சுலபம், அடுத்ததைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொல்லாமல் எழுந்து வந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் நான்தான் ஜெயித்தவள். ஆனாலும் சொன்னேன்.

"என் ஆத்துல இனிமே கருவாடு வறுக்கமாட்டேன். உங்களுக்குப் பயந்துண்டு இல்லை. நான் பண்ணினதை அந்த ஜனங்களால வாயில வெக்க முடியலை. அதனால."

நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ "அதான் சரி" என்றார்கள். செக்ரட்டரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா. அப்போ அந்தச் சனிக்கிழமைக் கஞ்சியும் இதோட முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாம், இல்லையா மாமி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் இந்நேரம் எல்லாம் தீர்ந்திருக்கும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இல்லை. கருவாடுதான் அவளோடது. கஞ்சி என்னோடது."

சொன்ன பிறகு உன்னை அத்தனை பேர் நடுவில் கைவிட்ட மாதிரி இருந்தது. அங்கேயே அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். மேலே வந்ததும் இவர், "அடுத்த வாரம் தொட்டுக்க என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார். பருப்புத் துவையல் என்றேன். தேங்காய் நான் திருவித் தருகிறேன் என்றார். சமையலறைப் பக்கமே வராத மனிதர்.

இனி அந்த வாசலில் உன்னை மாதிரி நிற்கமாட்டேன். கத்துவேன், வரிசையை ஒழுங்கு பண்ணுவேன், தட்டில் மீதி வைத்தால் திட்டுவேன். யாராவது "நல்லா இல்ல" என்றால் கோபித்துக்கொள்வேன், கோபித்துக்கொண்டே மாற்றிச் செய்வேன். உன் சாந்தம் எனக்கு வராது, அதை நீயே வைத்துக்கொள். ஆனால் அங்கே பசியோடு ஜனங்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு வீட்டில் கால் நீட்டி உட்கார முடியாமல் போய்விட்டதே, அதை மட்டும் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? கேட்காமலே கொடுத்துவிட்டாய், திருப்பி வாங்கிக்கொள்ளவும் நீ இல்லை. நன்னா மாட்டிவிட்டுட்டுப் போயிட்டேடி.