படகில் நிற்காத முக்காலி

மார்ச் 14, வாட்சோ. காலையில் ராஜ ஈடர் வாத்துகள் துறைமுகச் சுவரை ஒட்டி நீந்தின.

தூர்கெய்ர்,

பக்கத்திலேயே படகில் இருந்தும் எனக்கு ஒரு படம்கூடத் தேறவில்லை. என்னைக் கேட்காமல் என் சின்ன ஜூம் லென்ஸைக் கடையில் கொடுத்துவிட்டு, உலக்கை மாதிரி இந்த நீள லென்ஸை வாங்கி வந்திருக்கிறாய். அதைத் தூக்கிப் பிடிப்பதற்குள் வாத்துகள் போய்விட்டன. முக்காலியில் வைக்கலாமென்றால், ஆடுகிற படகில் முக்காலியும் ஆடுகிறது.

"நீளமா இருந்தாத்தான் பறவை பெருசாத் தெரியும், சுன்னிவா. உனக்கு இதெல்லாம் புரியாது" என்றாய். படகில் இதை எப்படிப் பிடிப்பது என்று கடைக்கார ஹால்வரிடம் போனில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்: "படகுலயா? இனிமே அவ கரையில நின்னுதான் எடுப்பான்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே!"

அப்படியா சேதி? போன அக்டோபரில் நான் தண்ணீரில் விழுந்ததிலிருந்து உனக்குப் பயம். பயமென்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல். லென்ஸைக் கட்டி என்னைக் கரையில் நிறுத்தாதே.

மீன் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. பால் ஊற்றியது, கொதிக்கவிடாமல் சூடாக்கு.

பி.கு. என் பழைய லென்ஸ் இன்னும் விற்கவில்லையாம். உலக்கையைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு, நேராகப் படகுக்குப் போகிறேன்.

மிதவை அங்கியை எடுத்துக்கொண்டேன்.