பாஸ்வேர்டு இல்லாத கேமரா

ஹடப்சர், புனே, 12.8.2008

பாப்பாவின் அம்மாவுக்கு,

கோயம்புத்தூரிலிருந்து உன் அப்பா பேத்தியைத் தினமும் பார்க்கட்டும் என்றுதான் கூடத்தில் அந்த இன்டர்நெட் கேமராவை மாட்டினேன். "மாப்பிள்ளை, இந்த பாஸ்வேர்டெல்லாம் நமக்கு வராதுங்க" என்றார். பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். ஆபீசில் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குப் பொறுப்பு நான்.

கேமரா பார்த்த அந்த மூலையில்தான் நீ பாப்பாவுக்குப் பால் கொடுப்பாய்.

"உங்க வீடு இன்டர்நெட்ல தெரியுது சார்" என்று கூட வேலை செய்பவன் தலைகுனிந்தபடி சொன்னான். கேமரா வழியாகப் பார்த்தவர்களின் பட்டியலைத் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

நான் அதைச் சொன்னதும் நீ பாப்பாவோடு ஊருக்குப் போய்விட்டாய். அதன் பிறகும் கேமராவைக் கழற்றவில்லை. இப்போது பாஸ்வேர்டு இருக்கிறது. உனக்கு மட்டும்தான் எழுதி அனுப்பினேன். தினமும் அதன் முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

பட்டியலில் இன்றும் ஒருவரும் இல்லை.

பாப்பாவின் அப்பா